முதலில் பட்டியலைக் கேளுங்கள்

பெங்களூரில் ஆய்வு மேற்கொண்டிருக்கும் இளைய நண்பர்கள் சிலர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தும் ‘அவ்வாறான ஆவணம் இல்லை’ என்ற ஒற்றை வரிப் பதிலே கிடைத்ததாக வருந்துகின்றனர். பழி முழுவதும் பொதுத் தகவல் அலுவலர் தலையில் விழுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த அலுவலகத்தில் என்னென்ன கோப்புகள் உள்ளன என்பதே வெளியில் இருப்பவருக்குத் தெரிவதில்லை; கேள்வி இருட்டில் எறிந்த கல்லாகிவிடுகிறது.

ஒவ்வொரு பொது அமைப்பும் தன் ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்திப் பேண வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4(1)(அ) பிரிவு. விண்ணப்பம், மேல்முறையீடு குறித்துப் பேசுவோர் இக்கடமையைப் பற்றிப் பேசுவதே அரிது. ஆனால், பட்டியல் இல்லாவிடில் 30 நாள் கெடுவால் என்ன பயன்? விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று 2011இல் அறிவித்த உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில், கைவசமில்லாத தகவலைத் திரட்டித் தொகுத்துத் தரும் பொறுப்பு நிறுவனத்துக்கு இல்லை என்றும் கூறியது. ஆகவே ‘1956க்குப் பின் பெங்களூர்த் தமிழ்ப் பள்ளிகள் குறித்து அரசின் கொள்கை என்ன?’ என்று கேட்டால் விடை வராது. கோப்பைச் சுட்டிக் கேட்க வேண்டும்.

கர்நாடகத்தில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. 2008இல் திருத்தப்பட்ட மாநில விதிகளின்படி, ஒரு விண்ணப்பம் ஒரே பொருள் பற்றியதாக, இயல்பாக 150 சொற்களுக்குள் அமைய வேண்டும். நடுவண் அரசின் 2012 விதிகள் 500 சொற்களை அனுமதிக்கின்றன. (இங்குள்ள மாநில அலுவலகங்களுக்கு ஆங்கிலம், இந்தி, கன்னடம் ஆகியவற்றில் எழுதலாம், தமிழில் எழுத இயலாது.)

பட்டியலின் வலிமைக்குக் கல்வெட்டியலே சான்று. தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966 முதல் மைசூரில் உள்ளது. அங்கிருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டபோது, இடம் பற்றியே அனைவரும் விவாதித்தோம். இடம் முக்கியந்தான். ஆயினும், முழுப் பாடம் அச்சேறாத கல்வெட்டைக்கூட ஓர் ஆய்வாளர் ஊர், அரசன், ஆண்டு, எண் சொல்லிக் கேட்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அப்பிரிவின் ஆண்டறிக்கைகளே. வருவாய்த் துறைக்கோ கல்வித் துறைக்கோ அத்தகைய ஆண்டறிக்கை எங்கே?

எனவே முதல் விண்ணப்பத்தில், குறிப்பிட்ட பிரிவின் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குரிய கோப்புப் பதிவேட்டை மட்டும் கேளுங்கள். 2(ஞ) பிரிவின்படி நேரில் பார்வையிடவும் அனுமதி கோருங்கள். காரணம் கூறத் தேவையில்லை. எண் கிடைத்தபின் கோப்புக்குத் தனி விண்ணப்பம் எழுதலாம். 20 ஆண்டுக்கு முற்பட்ட நிகழ்வுகளுக்குப் பெரும்பாலான விலக்குகள் பொருந்தா என்னும் 8(3) பிரிவை அதில் குறிப்பிடுங்கள். பதிவேடே இல்லை என்பார்களாயின், அதை எழுத்தில் பெற்றுக்கொண்டு 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அப்போது விசாரணைக்கு வருவது உங்கள் கேள்வியன்று, 4(1)(அ) பிரிவை அவர்கள் நிறைவேற்றினார்களா என்பதே.