சத்தம் போடாத கீபோர்டு
கீபோர்டின் சத்தம் இரண்டு இடங்களில் பிறக்கிறது: விசை அடியில் போய் மோதும்போது ஒன்று, விரலை எடுத்ததும் மேலே எழும்பித் தட்டும்போது இன்னொன்று. 1985இல் வந்த ஐபிஎம் மாடல் எம், செர்ரி நிறுவனத்தின் நீல சுவிட்ச் வைத்த கீபோர்டு போன்றவை இது போதாதென்று ‘க்ளிக்’ என்றும் சொடுக்கும். பலர் சேர்ந்து உட்காரும் அறைக்கு அவை ஆகாது. ரப்பர் குமிழ் வைத்த மலிவு கீபோர்டே பாதி நிம்மதி. லேப்டாப்பில் உள்ளதுபோன்ற கத்தரி அமைப்பு விசைகள் சுமார் 2 மில்லிமீட்டரே இறங்குவதால் இன்னும் அடக்கம். மெக்கானிக்கல்தான் வேண்டும் என்பவர்களுக்கு, மேலும் கீழும் மோதலைத் தாங்கும் ரப்பர் வைத்த சைலன்ட் சுவிட்சுகள் உண்டு. வாங்குமுன் ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பார்ப்பது நல்லது. அதனடியிலுள்ள கம்பி தளர்ந்திருந்தால், மற்ற விசைகள் எவ்வளவு அமைதி காத்தாலும் அது மட்டும் கடகடவென்று காட்டிக்கொடுத்துவிடும். மேசை அதிராமலிருக்க கீபோர்டின் அடியில் தடித்த விரிப்பு ஒன்று போதும்.