உழைத்த கூலிக்கே வட்டியா?

பசறை, மடுல்சீமை, நமுனுகலைத் தேயிலைத் தோட்டங்களில் மாதக் கடைசி வந்தால் கைக்கடன் தேடாத தொழிலாளர் லயம் குறைவு. கடைப்பற்று, பிள்ளையின் கொப்பி, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் காசு எல்லாம் அன்றே வேண்டும். சம்பளமோ அடுத்த மாதம் 10ஆம் திகதி வாக்கில்தான். அந்த இடைவெளியில் கிடைப்பது "பத்து வட்டி": நூறு ரூபாவுக்கு மாதம் பத்து ரூபா.

10,000 ரூபா வாங்கியவர் மாதம் 1,000 ரூபா கட்டுகிறார். பத்து மாதத்தில் வாங்கிய அளவு வட்டியாகவே போய்விடும். முதல் அப்படியே நிற்கும். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழித்தால் மிஞ்சியது 1,242 ரூபா. அந்தக் கணக்கில் மாதாமாதம் ஏறக்குறைய ஒரு பேர், அதாவது ஒரு நாள் உழைப்பு, வட்டிக்கே போனது.

பிணையில்லை, வசூல் செலவு உண்டு, காசு திரும்பாமலும் போகலாம் என்பது கடன் கொடுப்பவர் வாதம். பொதுவான சிறுகடனுக்கு அதில் நியாயம் உண்டு. சம்பளக் கடனுக்கு இல்லை. பறித்த கொழுந்து நிறுத்தாயிற்று, பேர் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் ஏறியாயிற்று. 25ஆம் திகதி கை நீட்டும் பெண், தான் உழைத்தும் கைக்கு வராத பணத்துக்கே வட்டி கட்டுகிறாள்.

2018இல் இலங்கை வந்த ஐ.நா. நிபுணர் போஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை ஏறியதைச் சுட்டிக்காட்டினார். பத்து வட்டியும் வட்டிக்கு வட்டியாக ஏறினால் ஆண்டுக்கு 214 சதவீதம். நுண்கடனுக்கு மத்திய வங்கி பின்னர் விதித்த உச்சவரம்பு 35 சதவீதம். அதன்படி 10,000 ரூபாவுக்கு மாத வட்டி சுமார் 250 ரூபாதான். ஆனால் அந்த வரம்பு மத்திய வங்கியின் கண்காணிப்பிலுள்ள நிறுவனங்களுக்கே விதிக்கப்பட்டது. லய வாசலில் கைமாறும் காசை அது தொடவில்லை.

கடன் தனியார் விவகாரம் என்று அரசு ஒதுங்க முடியாது. கடனைத் தீர்க்காமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாதபடி கட்டிவைத்த 'துண்டு' முறையை 1921இல் ஒழித்தது சட்டம்தான்.

தீபாவளி முற்பணத்தைக் கொடுத்துத் தவணையில் கழிக்கத் தோட்ட நிர்வாகங்களுக்குத் தெரியும். அதேபோல் செக்ரோலில் ஏறிய சம்பளத்தில் பாதியை மாத நடுவில் வட்டியின்றி எடுக்கும் உரிமையைக் கூட்டு ஒப்பந்தம் ஒன்றில் எழுத வேண்டும். வட்டி உச்சவரம்பு கடன் கொடுக்கும் எல்லோரையும் கட்ட வேண்டும். தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்துக்குப் போராடும் அதே வேகத்தில் இதையும் கேட்கட்டும். கூட்டிய சம்பளம் வட்டிக்காரர் கைக்குப் போனால் அந்த வெற்றியால் தொழிலாளிக்கு என்ன பயன்?