ஈரலுக்குக் காபி மருந்தாம்! யாரு சொன்னது?

காபி குடிச்சா ஈரல் சுத்தமாகும்னு ஒரு பேச்சு இப்போ போனுக்குப் போன் பறக்குது. மலைக்குச் சுற்றுலா வர்றவங்ககிட்ட அதையே சொல்லிப் பொடி விக்கிறவங்களும் இருக்காங்க. தாண்டிக்குடி பக்கம் மிளகுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவுல கொஞ்சம் அரபிகா செடி வச்சிருக்கிறவன் நான். இந்தப் பேச்சால எனக்கு லாபம்தான். ஆனாலும் சொல்றேன். காபி ஒரு பானம், மருந்து இல்லை. மருந்துன்னு சொல்லி விக்கிறது ஏமாத்து வேலை.

அப்போ ஆராய்ச்சியெல்லாம் பொய்யான்னு கேப்பீங்க. பொய் இல்லை. பிரிட்டன்ல சுமார் 4 லட்சத்து 95 ஆயிரம் பேரைப் பத்து வருசத்துக்கு மேல கவனிச்சு, 2021-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. காபி குடிக்கிறவங்களுக்கு நாள்பட்ட ஈரல் நோய் வர்றது 21 சதவீதம் குறைவு, அந்த நோயால சாகிறது 49 சதவீதம் குறைவுன்னு அதுல இருக்கு. நாளைக்கு மூணு நாலு கப் குடிக்கிறவங்களுக்குப் பலன் அதிகமாத் தெரிஞ்சுது. இதை நான் மறுக்கலை. இதைப் பிடிச்சுக்கிட்டு இவங்க தாவுற தாவலைத்தான் மறுக்கிறேன்.

முதல் விஷயம், அது குடிக்கிறவங்களையும் குடிக்காதவங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்த கணக்கு. காபியாலதான் நோய் குறைஞ்சதுன்னு அது நிரூபிக்கலை. பச்சை வயல்ல கொக்கு நிக்குது. அதுக்காக கொக்கு வந்துதான் வயல் பச்சையாச்சுன்னு சொல்லுவோமா? இன்னொண்ணு, காஃபின் எடுத்த காபி குடிச்சவங்களுக்கும் நோய் குறைவாத்தான் இருந்திருக்கு. அப்புறம் காஃபின் மாத்திரையை ஈரலுக்குன்னு விழுங்கச் சொல்றதுல என்ன நியாயம்?

ரெண்டாவது, நம்ம டம்ளர்ல இருக்கிறது என்ன? காபி சிக்கரி கலவையில 49 சதவீதம் வரைக்கும் சிக்கரி சேர்க்கச் சட்டமே இடம் குடுக்குது. சிக்கரிங்கிறது ஒரு செடியோட வேர். வறுத்து அரைச்சா டிகாக்‌ஷனுக்கு நிறமும் கெட்டியும் தரும், அவ்வளவுதான். அது மேல ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. நாலு வேளைக்கு எட்டு ஸ்பூன், அதாவது 32 கிராம். சேர்த்துக்கிற சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதிகமாப் போற சர்க்கரையை ஈரல் கொழுப்பா மாத்தித் தனக்குள்ளயே சேர்த்து வைக்கும். ஈரலுக்கு நல்லதுன்னு குடிச்சே ஈரல்ல கொழுப்பு ஏத்திக்கிறதுக்குப் பேரு வைத்தியமா?

மூணாவதுதான் எனக்குக் கோபமே வர்ற இடம். ராத்திரி சரக்கு, விடிஞ்சதும் வரக்காப்பி, ‘ஈரலைக் கழுவியாச்சு’ன்னு ஒரு பேச்சு. காபி தூக்கத்தைக் கலைக்கும், போதையை இறக்காது. சாராயத்தை ஈரல் தன்னோட வேகத்துலதான் கரைக்கும். செம்பு செம்பா காபி ஊத்தினாலும் அந்த வேகம் கூடாது. ஈரல் கெட ஆரம்பிச்சா பெரும்பாலும் வலியே இருக்காது. கண்ணு மஞ்சளாகி, வயிறு வீங்கி, கால்ல நீர் கோத்தப்புறம்தான் பல பேருக்கு விஷயமே தெரியுது. ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியவனை வரக்காப்பியை நம்பி வீட்டுலயே உக்கார வைக்கிறாங்களே, அந்தப் பாவம் சும்மா விடுமா?

எதிர்க்கட்சி ஒண்ணும் இருக்கு. ‘காபி விஷம், ஈரலை அரிச்சுடும்’னு பயமுறுத்திட்டு, அடுத்த மூச்சுல தன்னோட மூலிகைப் பொடியை நீட்டுறவங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பே 2016-ல காபியைச் சந்தேகப் பட்டியல்லருந்து எடுத்துடுச்சு. ஈரல் புற்றுநோய் காபி குடிக்கிறவங்களுக்குக் குறைவா இருக்குன்னும் சொல்லுச்சு. ஆக ரெண்டு கோஷ்டிக்கும் வியாபாரம்தான் குறி.

நகரத்துல இருக்கிற உங்ககிட்ட நான் கேக்கிறது இதுதான். பொடி பாக்கெட்டைத் திருப்பி, சிக்கரி எத்தனை சதவீதம்னு படிங்க. சர்க்கரையைப் பாதியாக் குறைங்க. கர்ப்பிணிகள் டாக்டர்கிட்ட கேட்டு அளவாக் குடிங்க. குடிப்பழக்கம் உள்ளவர் வீட்டுல இருந்தா காபியை நீட்டாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எங்க மலைக் காபியைத் தாராளமா வாங்குங்க. ருசிக்காக வாங்குங்க, அதுவே எங்களுக்குப் போதும்.