யோசனைப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?



போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் ஒரு கல்யாணத்தில் பழைய மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்த்தேன். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் நல்ல பதவியில் இருக்கும் ஒரு தம்பி பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: “சார், இன்னோவேஷன் எல்லாம் தலைவரோட விஷன்ல இருந்துதான் வரும். கீழ இருக்கறவனுக்குச் சொன்னதைச் செய்யத்தான் தெரியும். நம்ம பக்கத்தையே பாருங்க, இத்தனை வருஷமா ஃபேக்டரி ஓடுது, நம்ம ஆளுங்க புதுசா என்னத்தைக் கண்டுபிடிச்சாங்க?”

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். கல்யாண வீட்டில் சண்டை எதற்கு? ஆனால் நான்கு நாளாக அந்தப் பேச்சு மனசுக்குள் கிடந்து அறுக்கிறது. முப்பத்துமூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். தப்பான விடைக்குத் தலையாட்டிவிட்டு வந்தால் தூக்கம் வராது. தம்பி, கோபித்துக்கொள்ளாதே. நீ சொன்னது தப்பு. ஏன் தப்பு என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நம் வீட்டு வாசலில் இருக்கிற சிமெண்டையே எடுத்துக்கொள்வோம்.

அரியலூர் மண் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. வாரணவாசி அருங்காட்சியகத்துக்கு உங்களில் பல பேரை நானே பஸ்ஸில் கூட்டிப்போய் கல்லாகிப்போன நத்தைகளைக் காட்டியிருக்கிறேன். அந்தக் கடல் விட்டுப்போன சொத்துதான் சுண்ணாம்புக்கல். பக்கத்தில் டால்மியாபுரத்தில் 1939லேயே சிமெண்ட் ஆலை வந்தது. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979இல் வந்தது. அதற்குப் பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. கல் இருந்தது, ஆள் இருந்தது, தலைவர்களும் இருந்தார்கள்.

ஆனால் நம் நாட்டுச் சிமெண்ட் தொழில் பல காலம் ஒரே இடத்தில் நின்றது. 1960இல் இந்தியாவின் சிமெண்ட் உற்பத்தித் திறனில் சுமார் 94 சதவீதம் ஈரமுறை. அதாவது கல்லைத் தண்ணீர் விட்டு அரைத்துக் கூழாக்கி, அந்தக் கூழைச் சூளைக்குள் விடுவது. கூழில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வண்டி வண்டியாக நிலக்கரி எரிய வேண்டும். காய்ந்த பொடியாகவே அரைத்து, சூளையிலிருந்து வெளியே போகிற சூட்டுக் காற்றாலேயே அந்தப் பொடியைச் சூடாக்கி உள்ளே அனுப்பும் உலர்முறை 1950களிலேயே ஜெர்மனியில் ஓடத் தொடங்கிவிட்டது. எரிபொருள் ஏறக்குறைய பாதிதான். இது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. நம் பொறியாளர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஏன் மாறவில்லை?

வயசானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வீடு கட்ட சிமெண்ட் வேண்டும் என்றால் தாலுகா ஆபீசில் பெர்மிட் வாங்க நடையாய் நடக்க வேண்டும். விலையை அரசு நிர்ணயித்தது. யாருக்கு எத்தனை மூட்டை என்பதையும் அரசே முடிவு செய்தது. எந்தச் சிமெண்ட் வந்தாலும் விற்றுப்போகும். மூட்டை கட்டிதட்டிப் போயிருந்தாலும் ஜனங்கள் கும்பிட்டு வாங்கிப் போனார்கள். அந்த நிலையில் எந்த முதலாளி கோடிக்கணக்கில் போட்டுச் சூளையை மாற்றுவான்? விஷன் எத்தனை இருந்தாலும் மாற்ற மாட்டான்.

1982 பிப்ரவரியில் பாதிக் கட்டுப்பாடு நீங்கியது. 1989 மார்ச்சில் முழுதும் நீங்கியது. அதற்குப் பிறகு பாருங்கள். போட்டி வந்தது, நிலக்கரி, கரண்ட் செலவு கையைக் கடித்தது, அடுத்த ஆலைக்காரன் மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைத்தான். அப்போதுதான் உயரமான கோபுரங்களோடு உலர்முறை ஆலைகள் எழும்பின. தலைவர்கள் அதே மாதிரி மனிதர்கள்தான். மாறியது அவர்கள் காலடியில் இருந்த தரை.

இன்னொன்று. உங்கள் வீட்டு வேலைக்கு வந்த மூட்டையில் ‘பிபிசி’ என்று போட்டிருக்கும். அதில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் கலக்க விதி இடம் கொடுக்கிறது. அந்தச் சாம்பல் ஒரு காலத்தில் மலையாகக் குவிந்து, காற்றில் பறந்து, சுற்றியிருந்த ஊர்களைத் திணறடித்தது. 1999இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று அறிவிக்கை போட்டது. கல்லைச் சுடும் செலவு மிச்சம் என்று சிமெண்ட் ஆலைகளும் கணக்குப் போட்டன. குப்பை சரக்காகிவிட்டது. இதிலும் யாருடைய விஷன் முன்னே நின்றது? ஒரு விதியும் ஒரு செலவுக் கணக்கும்தான்.

ஆக முதல் பாடம்: நெருக்கடி இல்லாமல் கம்பெனி நகராது. மண்ணுக்கடியில் செல்வமும், எதைக் கொடுத்தாலும் வாங்குகிற சந்தையும் இருந்தால் அசையவே அசையாது.

“அப்படியென்றால் போட்டியை விட்டால் போதும், புதுமை தானாக வரும் என்கிறீர்களா சார்?” என்று கேட்பாய். அங்கேயும் நிறுத்து. நெருக்கடி வந்தால் கம்பெனிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று மூளையைக் கசக்குவது. இன்னொன்று ஆளைக் கசக்குவது. இரண்டாவது மலிவாகக் கிடைக்கிற இடத்தில் முதலாவதை யாரும் தொட மாட்டார்கள்.

என் அம்மா செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரியப் போனவர். வெங்காயம் பிடுங்கிக் காய்ந்த பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தாளையும் வேரையும் அரிய வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வலது கைக் கட்டைவிரல் கறுத்துப் பிளந்திருக்கும். சோறு பிசைய முடியாது. நான்தான் பிசைந்து கொடுப்பேன். சந்திரனுக்கு மனிதன் போய் வந்த காலம் அது. இன்றும் நம் பக்கம் அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் கையால்தான் நடக்கிறது. வெங்காயத் தாளை அரிவது ராக்கெட் விடுவதை விடக் கஷ்டமா? இல்லை. அந்தப் பெண்களின் கூலி மலிவு. அவர்கள் விரல் வலி யாருடைய கணக்குப் புத்தகத்திலும் செலவாக ஏறவில்லை. அவ்வளவுதான்.

ஆட்டுக்கல்லை நினைத்துப்பாருங்கள். நூற்றாண்டு நூற்றாண்டாக நம் பெண்கள் உட்கார்ந்து சுற்றினார்கள். சம்பளமில்லாத வேலை, ஆகவே யாருக்கும் அவசரமில்லை. 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் அதற்கு மோட்டார் பூட்டினார். ஏன் கோயம்புத்தூர்? பஞ்சாலைகளும் பம்பு மோட்டார் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு இருந்தன. இரும்பு தெரிந்தவன், மோட்டார் தெரிந்தவன், கல் தெரிந்தவன் எல்லோரும் பக்கத்தில் இருந்தார்கள். ஒருவன் செய்ததைப் பார்த்து அடுத்தவன் இன்னும் நன்றாகச் செய்தான். கிரைண்டர் ஒரு ஊரின் தொழிலாகவே ஆனது. புவிசார் குறியீடும் வாங்கியது. அதே கோவையில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த முருகானந்தம், 1998இல் மனைவி கந்தல் துணி பயன்படுத்துவதைப் பார்த்து மலிவான நாப்கின் செய்யத் தொடங்கினார். ஊர் சிரித்தது, மனைவியும் அம்மாவும்கூட விலகிப் போனார்கள். கோடிகளில் விலை சொன்ன இயந்திரத்துக்குப் பதிலாகச் சில பத்தாயிரம் ரூபாயில் சிறிய இயந்திரம் செய்து காட்டினார். 2016இல் பத்மஸ்ரீ. அவருக்கு மேலே எந்தத் தலைவர் உட்கார்ந்து விஷன் கொடுத்தார்?

இனி நீ சொன்ன அந்தக் “கீழ இருக்கறவன்” விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

என்னிடம் படித்த ஒரு பையன். பெயர் வேண்டாம். ஐடிஐ முடித்துவிட்டு வெளி மாவட்டத்தில் ஒரு ஆலையில் காண்ட்ராக்ட் தொழிலாளியாகச் சேர்ந்தான். கன்வேயர் பெல்ட் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சரக்கு விழுகிற இடத்தில் எப்போதும் கீழே சிந்தும். அதை மண்வெட்டியால் அள்ளிப் போட ஷிப்டுக்கு மூன்று பேர். தூசியில் நின்று அள்ளுகிறவர்களில் இவனும் ஒருவன். ஆறு மாதம் பார்த்தான். கழித்துப்போட்ட பழைய பெல்ட் ரப்பரை அளவாக வெட்டி, இரண்டு பக்கமும் பாவாடை மாதிரி கட்டினான். சிந்துவது பெரும்பாலும் நின்றுவிட்டது.

சூப்பர்வைசர் வந்து பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? “காண்ட்ராக்ட் ஆளுக்கு இதெல்லாம் எதுக்கு? யாரைக் கேட்டுக் கட்டினே?” அவிழ்க்கச் சொல்லிவிட்டார். நாலைந்து மாதம் கழித்து அதே ஏற்பாடு திரும்ப வந்தது, நல்ல போல்ட்டு போட்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்து. போர்டில் ஒரு அதிகாரியின் போட்டோ, கீழே பாராட்டு. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. சிந்துவதில்லை என்பதால் அள்ளுகிற மூன்று பேரில் இரண்டு பேர் தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவன் இவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன்.

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் நின்று இதை என்னிடம் சொன்னான். கோபப்படக்கூட இல்லை. “இனிமே கண்ணுல எது பட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன் சார்” என்றான். இப்போது டிப்பர் லாரி ஓட்டுகிறான்.

அந்த ஆலை வாசலிலும் யோசனைப் பெட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்ததாம். பூட்டுப் போட்டு. சாவி யாரிடம் என்று அவனுக்குத் தெரியாது.

தம்பி, இப்போது சொல். கீழே இருக்கிறவனுக்குப் புதுமை தெரியவில்லையா? தெரிந்ததைச் சொன்னால் திட்டு, சொன்னது பலித்தால் பெயர் வேறு ஆளுக்கு, கூட இருந்தவனுக்கு வேலை போகும். இத்தனைக்கும் பிறகு அவன் வாயை மூடிக்கொண்டால் அது முட்டாள்தனமா? புத்திசாலித்தனம்.

ஜப்பான் டொயோட்டாவைப் பற்றி உங்கள் மேனேஜ்மெண்ட் வகுப்புகளில் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். ஒரு பகுதியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். 1950இல் அங்கே ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. நூற்றுக்கணக்கில் அல்ல, ஆயிரக்கணக்கில் ஆட்கள் வெளியேறினார்கள். கார் தொழிலைத் தொடங்கிய கீச்சிரோ டொயோடாவே பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அடுத்த ஆண்டு, 1951இல்தான் தொழிலாளர் யோசனைத் திட்டம் தொடங்கியது. வேலை போகாது என்ற நம்பிக்கையைக் கட்டி எழுப்பிய பிறகு யோசனைகள் லட்சக்கணக்கில் வந்தன. தவறு கண்ணில் பட்டால் சாதாரணத் தொழிலாளி கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம். நம் ஆட்கள் அங்கே போய்ப் படம் எடுத்து வந்து பெட்டியை மட்டும் மாட்டினார்கள். கயிற்றை மாட்டவில்லை. வேலைக்கு உத்தரவாதத்தைக் கொண்டுவரவே இல்லை.

தலைவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம், படிப்பு, ஆராய்ச்சிக்கூடம் எல்லாம் வேண்டும். உலர்முறைச் சூளையை மண்வெட்டி பிடித்தவன் வரைபடம் போட முடியாது. ஆனால் எங்கே சிந்துகிறது என்று அவனுக்குத்தான் தெரியும். தலைவரின் வேலை அந்தக் காதைத் திறந்து வைப்பது. சொன்னவன் பெயரைச் சொல்வது. சொன்னதால் யார் வயிறும் காயாமல் பார்த்துக்கொள்வது. இதைச் செய்கிறவரை நானும் கும்பிடுகிறேன்.

இதில் என் குற்றமும் உண்டு, ஒளிக்க மாட்டேன். நான் நடத்திய முறையில் போடாமல் வேறு வழியில் கணக்குப் போட்ட பிள்ளைகளை எத்தனை முறை “நான் சொன்ன மாதிரி போடு” என்று அடித்து எழுத வைத்திருக்கிறேன்! விடை சரியாக இருந்தும் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அந்த டிப்பர் ஓட்டுகிற பையனும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான். சூப்பர்வைசர் சொன்ன வார்த்தையை அவன் முதன்முதலில் கேட்டது என்னிடமாகக்கூட இருக்கலாம். வாத்தியார்களாக இருக்கும் என் மாணவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

இப்போது எறையூர் சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை வந்திருக்கிறது. நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறிப் போகிறார்கள். என் அம்மாவுக்குக் கிடைக்காத மாதச் சம்பளம் அவர்களுக்குக் கிடைக்கிறது, சந்தோஷம். நாள் முழுக்க அந்தத் தையல் மிஷினுக்கு முன்னால் உட்காருகிற பிள்ளைக்கு, எந்த இடத்தில் நூல் அறுகிறது, எந்த நாற்காலி முதுகை உடைக்கிறது என்று எந்த மேனேஜரையும் விட நன்றாகத் தெரியும். அவள் வாயைத் திறப்பாளா மாட்டாளா என்பதில்தான் நம் மாவட்டத்தின் அடுத்த இருபது வருடம் இருக்கிறது.

மேனேஜராக, ஹெச்ஆராக, சூப்பர்வைசராக இருக்கிற என் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் உங்களுக்குக் கீழே மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிற ஒருவரிடம் போய், “இங்க எது சரியில்ல?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் நில்லுங்கள். அவர் சொன்னது நடந்தால் போர்டில் அவர் போட்டோவை ஒட்டுங்கள், உங்கள் போட்டோவை அல்ல. என்ன சொன்னார் என்று கீழே எழுதுங்கள். தினமும் காலையில் எனக்கு ரோஜாப்பூ படம் அனுப்புவதை விட அது எனக்குப் பெரிய வணக்கம்.

கல்யாணத்தில் பேசிய தம்பிக்கு: உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. அந்த டிப்பர் பையனையும் வரச்சொல்கிறேன். நீ கேள்வி கேள், அவன் பதில் சொல்லட்டும். நான் காபி போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்