எங்கள் பெண்களுக்குச் சிக்கனம் சொல்லித்தர வராதீர்கள்

கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் ஒரு வகுப்பு நடந்தது. குடும்ப வரவு செலவை எப்படித் திட்டமிடுவது என்று மகளிர் குழுப் பெண்களுக்குப் பாடம். வகுப்பெடுக்க வந்தவர் பலகையில் நடுவே ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம் 'தேவை' என்று எழுதினார், மறுபக்கம் 'ஆசை' என்று எழுதினார். அரிசி, பருப்பு, மருந்து தேவையாம். டீ, பூ, டிவி, செல்போன் ரீசார்ஜ், கறி எல்லாம் ஆசையாம். ஆசையைக் குறைத்தால் மாதம் 500 ரூபாய் மிச்சம் பிடிக்கலாம், விலைவாசியைச் சமாளிக்கலாம் என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்த என் பெரியம்மா எழுந்தாள். "ஏன் சார், கறிய ஆசைப் பக்கம் எழுதிட்டீங்க. எங்க ஊட்டுல கறி எடுத்து ஒரு மாசம் ஆவுது. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நாங்க குறைச்சிட்டோம். இன்னும் எதக் குறைக்கறதுன்னு சொல்லுங்க சார், கேட்டுக்கறோம்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, சேமிப்பின் அவசியம் என்ற அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

பெரியம்மாவின் கேள்வி அந்தக் கூடத்திலேயே கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

விலை ஏறும்போது எங்கள் வீடுகளில் எது எந்த வரிசையில் குறையும் என்று எனக்குத் தெரியும். முதலில் பால் போகும், கடுங்காப்பி வரும். தக்காளி போகும், புளி வரும். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கொடுக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பு தீர்ந்ததும் கொள்ளு வேகும். மாட்டுக்கறி ஒரு கிலோ அரைக் கிலோவாகும், அப்புறம் எலும்பாகும். அதற்கும் மேலே போனால் குழம்பில் தண்ணீர் சேரும். அதற்கும் மேலே போனால் வீட்டுக்காரியின் தட்டில் சோறு குறையும். "எனக்குப் பசிக்கல, நீங்க துன்னுங்க" என்று சொல்லிச் சட்டியை வழித்த அம்மாக்களின் பிள்ளைகள்தானே நாம் எல்லோரும்?

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இதைப் படித்துவிட்டு முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், பேரீச்சை சாப்பிடுங்கள் என்று அறிவுரை எழுதுகிறார்கள். சிக்கனமாக இரு என்பதும் அவர்கள்தான், சத்தாகச் சாப்பிடு என்பதும் அவர்கள்தான்.

விலைவாசி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். ஒன்றல்ல. நிலம் இருக்கிறவன் வீட்டில் பாலுக்கு மாடு இருக்கிறது, அவரைக்குக் கொடி இருக்கிறது, ராகிக்குக் காடு இருக்கிறது. எங்களுக்கு உப்பிலிருந்து கறிவேப்பிலை வரை காசு. வரப்பில் முளைத்த கீரையைப் பறித்தால்கூட "யாரைக் கேட்டுடீ பறிச்சே" என்று ஒரு சத்தம் வரும்.

தக்காளியையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாலக்கோடு தக்காளி மார்க்கெட் தமிழ்நாட்டுக்கே தெரிந்த சந்தை. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. பத்திரிகையெல்லாம் இல்லத்தரசிகளின் கண்ணீரை எழுதின. அந்தத் தக்காளியைக் குனிந்து பறித்துப் பெட்டியில் அடுக்கிய எங்கள் பெண்களின் கூலியை யாரும் எழுதவில்லை. விலை நூறானபோதும் எங்கள் பக்கம் பெண்ணாள் கூலி பத்து ரூபாய்கூட ஏறவில்லை. நாள் முழுக்கத் தக்காளி பறித்தவள் வீட்டுக்கு வந்து புளிச்சாறு வைத்தாள். இன்னொரு சமயம் விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுகிறார்கள், ரோட்டில் கொட்டுகிறார்கள். அப்போது எங்களுக்கு வேலையே இல்லை. ஏறினாலும் நட்டம், இறங்கினாலும் நட்டம்.

இது ஏன் என்று அண்ணல் அம்பேத்கர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே விளக்கியிருக்கிறார். ரூபாயின் சிக்கல் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1923இல் லண்டனில் வெளிவந்தது. பின்னால் ஹில்டன் யங் கமிஷன் முன்பும் போய்ச் சாட்சியம் சொன்னார். பணத்தின் மதிப்பு குறைந்து விலை ஏறும்போது, அந்த வேகத்தில் கூலி ஏறுவதில்லை. அந்த இடைவெளியில்தான் வியாபாரிக்கு லாபம் கிடைக்கிறது, அது கூலிக்காரனிடமிருந்து போகிற பணம் என்பது அவர் வாதத்தின் சாரம். நாம் அவரைச் சட்டமேதை என்று சிலை வைத்துக் கும்பிடுகிறோம். எங்கள் வீட்டு அடுப்புக் கணக்கையும் போட்டுக் காட்டிய பொருளாதார அறிஞர் என்பதை மறந்துவிடுகிறோம்.

கூலி பின்தங்குவது தானாக நடப்பதில்லை. நூறு நாள் வேலையைப் பாருங்கள். 2005 சட்டத்தால் வந்தது அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. ஊர்க்காரர் காட்டு வேலைக்குக் கூப்பிட்டால், நின்று "கூலி எவ்ளோ தர்றீங்க" என்று கேட்கிற தெம்பு எங்கள் பெண்களுக்கு அதனால்தான் வந்தது. உடனே ஒப்பாரி ஆரம்பித்தது. ஆள் கிடைக்கவில்லை, அரிசியை இலவசமாகக் கொடுத்து, மரத்தடியில் உட்காரவைத்துச் சம்பளமும் கொடுத்துச் சோம்பேறியாக்கிவிட்டார்கள் என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு.

அந்தச் சம்பளம் எவ்வளவு? தமிழ்நாட்டுக்கு அறிவித்தது 2024-25இல் நாளுக்கு 319 ரூபாய், 2025-26இல் 336 ரூபாய். அளவு போட்டுக் கழித்தால் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. 2024 கடைசியில் வெயிலில் மண் வெட்டியவர்களுக்கு 2025 பிறந்தும் மாதக்கணக்கில் பணம் வரவில்லை. அந்த மாதங்களில் மளிகைக் கடை நோட்டில் யார் கையெழுத்துப் போட்டார்கள், குழுக் கடனுக்கு யார் தோடு அடகுக்குப் போனது என்று எந்த அரசாங்கம் கணக்கு வைத்திருக்கிறது?

இன்னொன்றையும் கேளுங்கள். அந்தக் கூலியை வருஷா வருஷம் விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டெண்ணைப் பார்த்துத்தான் ஏற்றினார்கள். 2025இல் புதிய வரிசை வரும்வரை அதன் அடிப்படை ஆண்டு 1986-87. ஏழை வீட்டில் எதற்கு எவ்வளவு செலவாகிறது என்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு 1983ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பு. 1983இல் எங்கள் சேரியில் கேஸ் அடுப்பு கிடையாது. பிள்ளைகளுக்குக் காலேஜ் பீஸ் கிடையாது. செல்போன் கிடையாது. சென்னை விலைப்படி 2022 ஜூலையில் 1,068 ரூபாய்க்கு ஏறிய சிலிண்டர், 2025 ஏப்ரலில் 868 ரூபாய். எங்கள் அம்மா சுள்ளி பொறுக்கிச் சமைத்த காலத்துச் செலவை வைத்து என் அண்ணியின் கூலியை நிர்ணயித்திருக்கிறார்கள்!

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். நாள் 125 என்று எழுதினார்கள். கூடவே, விதைப்பு அறுவடைக் காலத்தில் வருஷத்துக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்தார்கள். எந்த 60 நாள்? எங்கள் பெண்கள் நின்று கூலி பேசக்கூடிய அந்த 60 நாள். டீக்கடை ஒப்பாரி சட்டமாகிவிட்டது.

மாநில அரசு கொடுப்பதை நான் பழிக்க மாட்டேன். விலையில்லா அரிசி 2011இலிருந்து வருகிறது. பெண்களுக்கு டவுன் பஸ் 2021இலிருந்து இலவசம். மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாமை 2023 ஜூலையில் முதலமைச்சர் தொடங்கிவைத்ததே எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில்தான். அந்த ஆயிரம் பல வீடுகளில் ஒரு வாரத்து மானம். ஆனால் கூலியில் பிடித்துக்கொண்டதில் ஒரு துண்டைத்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள். அதை இலவசம் என்று கேலி பேசுகிறவனுக்கு வெட்கம் வேண்டும். டாஸ்மாக்கில் அதே வீட்டு ஆம்பளையிடம் வாங்குவதையும் இந்தக் கணக்கில் எழுத வேண்டும். அரசாங்கத்தை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. தலித் ஆண்களாகிய நாம் மேடையில் சாதி ஒழிப்புப் பேசிவிட்டு வீட்டுக்குப் போய் முதல் தட்டில் உட்காருகிறோம். நானும் உட்கார்ந்திருக்கிறேன். என் இலையில் விழுந்த கறித்துண்டு யாருடைய பங்கு என்று நான் கேட்டதில்லை.

இப்போது அந்தப் பலகைக்கு வருகிறேன். தேவை எது, ஆசை எது என்று எங்களுக்குக் கோடு போடுவது புதிது அல்ல. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. சட்டை போடக் கூடாது. வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. 1931இல் குடிமதிப்பு ஆணையராக இருந்த ஹட்டன் இதைத் தன் புத்தகத்தில் பதிந்திருக்கிறார். அடுத்த வருஷம் தடை பதினொன்றாகியது, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் சேர்ந்தது. பூ அன்றைக்குத் தடைப் பட்டியலில் இருந்தது. இன்றைக்கு ஆசைப் பட்டியலில் இருக்கிறது. வகுப்பெடுத்தவர் கெட்டவர் அல்ல. அவருக்கு இந்தப் பழைய பட்டியல் தெரிந்திருக்காது. தெரியாமலேயே அதே கோட்டைப் போடுகிறார்.

அவருடைய அடுத்த பாடம் சேமிப்பு. சேமித்தால் முன்னேறலாம் என்றார். சேமித்தோமே. நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று நாய்க்கன்கொட்டாய்ப் பக்கத்து மூன்று குடியிருப்புகள். பெங்களூருக்கும் மற்ற ஊர்களுக்கும் போய் உழைத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, கல் வீடு கட்டினார்கள். பீரோ வாங்கினார்கள், வண்டி வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 2012 நவம்பர் 7 அன்று ஒரு சாதிமறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து அந்த மூன்று இடங்களிலும் இருநூறு வீடுகளுக்கு மேல் சூறையாடி எரித்தார்கள். பீரோவை உடைத்து நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்குத் தீ வைத்தார்கள். அடுத்த ஜூலையில் இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தான். தோழர் அப்புவுக்கும், 1980 வாக்கில் கந்துவட்டிக்கும் இரட்டைக் குவளைக்கும் எதிராகப் போராடிய தோழர் பாலனுக்கும் சிலை நிற்கிற அதே நாய்க்கன்கொட்டாய்தான் இது.

அங்கே எரிந்தது என்ன? எத்தனையோ பெண்கள் சாப்பிடாமல் விட்ட ராத்திரிச் சோறு. டீத்தூளில் மிச்சம் பிடித்தது, பஸ்ஸுக்குக் கொடுக்காமல் நடந்து மிச்சம் பிடித்தது. சேரியில் டிவி ஆசை என்று ஒருவர் பலகையில் எழுதுகிறார். சேரிக்காரனுக்கு டிவி எதற்கு என்று இன்னொருவன் கடப்பாரையால் உடைக்கிறான். இரண்டு பேரையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு எவ்வளவு போதும் என்று இரண்டு பேருமே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இடதுசாரித் தோழர்கள் கூலி உயர்வு கேட்பார்கள், அந்தக் கூலியில் சாதி எவ்வளவு தின்கிறது என்று கேட்கத் தயங்குவார்கள். நாம் சாதியைப் பேசுவோம், சட்டியில் மிச்சம் எவ்வளவு என்று கேட்க மாட்டோம். இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மாணவர்கள் அவரவர் ஊரில் ஒரு மாதக் கணக்கை எழுதுங்கள். அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். கூலி எவ்வளவு, விலை எவ்வளவு, தவணை எவ்வளவு, அவள் எத்தனை வேளை சாப்பிட்டாள் என்று எழுதுங்கள். எழுதிய கணக்கோடு போய் ஆண்பெண் சமக்கூலியைக் காட்டு வேலையிலும் கேட்போம். இன்றைய விலைக்கு இன்றைய கூலி கேட்போம். பயிரிட நிலம் கேட்போம்.

அடுத்த வகுப்புக்கு யாராவது வந்தால் பெரியம்மாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தப்போகிறோம். சுண்ணாம்புக் கட்டி இந்தத் தடவை அவள் கையில் இருக்கட்டும். அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.