பாம்பு சாப்பிட மறுக்கிறதா? முதலில் சூட்டைப் பாருங்க!

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் வீட்டில் செல்லமாக வளர்க்கும் பாம்பு, பால் பைத்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இது திடீரென இரையைத் தொடாமல் சுருண்டு கிடந்தால், ‘கோபமோ?’ என்று நினைக்கிறார்கள். பல நேரங்களில் பிரச்னை பெட்டியின் வெப்பத்தில்தான் இருக்கிறது.

நம்மைப்போல பாம்பின் உடம்பு தானே சூட்டைக் காத்துக்கொள்ளாது. குளிர்ந்தால் இரை செரிக்காது; கக்கிவிடும். அதனால் பெட்டியின் ஒரு பக்கம் 31-33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25-27 டிகிரி இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். தேவையான சூட்டைத் தேடிப் பாம்பே நகர்ந்துகொள்ளும்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட்டிங் மேட் போடவே கூடாது. சூடு ஏறினாலும் பாம்பு உடனே விலகாது, வயிறு வெந்துவிடும்.

கண் பால்போல மங்கினால் பயம் வேண்டாம், தோல் உரிக்கப்போகிறது. எந்நேரமும் தண்ணீரிலேயே கிடந்தால் சூடு அதிகமாக இருக்கலாம், உண்ணித் தொல்லையாகவும் இருக்கலாம். வாயைத் திறந்து மூச்சுவிட்டால் நுரையீரல் தொற்றாக இருக்கக்கூடும். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆசைப்பட்டு நம்ம ஊர் சாரையையோ மலைப்பாம்பையோ பிடித்து வளர்த்துவிடாதீர்கள். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்!