ரீல்ஸ் தலைவர் வேண்டாம், கணக்கு வாசிக்கிற தலைவர் வேணும்

"இவ்வளவு சின்ன வயசுல ஊராட்சித் தலைவர்!"னு ஒரு வீடியோ வந்தாப் போதும், சென்னை, கோவை நண்பர்கள் உடனே எனக்கு அனுப்பிடுறாங்க. உங்க ஊருக்கும் இப்படி ஒருத்தர் கிடைக்கணும்னு வாழ்த்து வேற. கிடைச்சாச்சுங்க. அதனாலதான் எழுதுறேன்.

இளைஞர்கள் உள்ளாட்சிக்கு வருவதை நான் எதிர்க்கவில்லை. பெருசுங்க ஆண்ட லட்சணமும் எனக்குத் தெரியும். ஆனா மண்வெட்டியோட வாய்க்கால்ல நிக்கிற படத்துக்குக் கைதட்டுறீங்களே, அந்த வேலைக்கு எந்தத் திட்டத்துல எவ்வளவு பணம், யாருக்குப் போச்சுன்னு அந்தப் படம் சொல்லுதா?

எங்க பக்கம் ரோட்டோரமா தெரியுற வாய்க்காலை மட்டும் தூர்வாரி வீடியோ எடுத்தாங்க. மதகுகிட்ட அடைப்பு அப்படியே. கடைமடையில என் பயிர் காஞ்சுது. அடைப்பு எங்கேன்னு எங்க நீர்பாய்ச்சிக்கு நல்லாத் தெரியும். அவரை ஒரு வார்த்தை கேட்கலை.

கேட்கத்தானே கிராம சபை? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. வரவு செலவை ஊர் முன்னால வைக்கணும். நடக்கிறதோ, 100 நாள் வேலைக்கு வந்த அக்காக்களை உட்கார வெச்சு நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு, தீர்மானத்தை அப்புறமா எழுதிக்கிறது. கேட்டா, "அண்ணே, எல்லாம் குரூப்புல போட்டிருக்கேனே"ங்கிறார் தம்பி. குரூப்புல கேள்வி கேட்டா நீக்கிடலாம். சபையில எழுந்து நிக்கிற கிழவியை எப்படி நீக்குவீங்க?

1996ல் குத்தம்பாக்கம் தலைவரான இளங்கோவும் அப்போ முப்பதுகளில் இருந்த இன்ஜினியர்தான். மதிப்பீட்டில் சொன்னபடி கட்டாமல், கிரானைட் கழிவுக் கல்லை வெச்சுக் கால்வாய் கட்டினார்னு அவரைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தாங்க. கிராம சபை கூடி அவர் பக்கம் நின்னது. பதவி திரும்ப வந்தது. ரீல்ஸ் பார்த்தா அத்தனை பேர் வந்தாங்க? சபையைக் கூட்டிக் கூட்டிச் சம்பாதிச்ச நம்பிக்கை அது. (அப்ப செல்போனே அபூர்வம், அது வேற கதை.)

எங்க தம்பிக்கு மூளைக்கும் உழைப்புக்கும் குறை இல்லை. ஊர் தன்னைக் கேள்வி கேட்கிற இடத்துல உட்காரத்தான் பயம். அந்தப் பயத்தை வளர்க்கிறது உங்க லைக்குதான்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க.

ஆமா, 2022லிருந்து நகரத்துலயும் ஏரியா சபைன்னு ஒண்ணு இருக்கு. உங்க வார்டுல கடைசியா எப்ப நடந்துச்சு? போனீங்களா?